பெயர்போன கம்பெனி

பெங்களூரில் 1997-ல் தொடங்கி, 22 ஆண்டு நடந்து, இரண்டு முறை விலைபோய், கதவைப் பூட்டாமலே காணாமல்போன துருவா இன்டராக்டிவின் கதை.

நீலசந்திரா பஜார் தெருவில் ஒரு பிரியாணிக் கடைக்கும் பீடாக் கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய சேலையைக் கிழித்துத் தொங்கவிட்ட திரை, அதற்குப் பின்னால் நான்கு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். மணிக்குப் பத்து ரூபாய். நேரத்தைக் கடைக்காரர் கரும்பலகையில் சாக்பீஸால் குறித்துவைப்பார். அரை மணி முடிந்ததும் நாற்காலியின் பின்காலை ஒரு உதை விடுவார். எழுந்துகொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

சுவரில் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். 'ஜிடிஏ வைஸ் சிட்டி' விளையாட்டுக்கான குறுக்குவழிச் சொற்கள் அதில் இருந்தன. 'பேன்சர்' என்று தட்டினால் வானத்திலிருந்து ஒரு டேங்க் வந்து விழும். 'ஆஸ்பிரின்' என்று தட்டினால் போன உயிர் திரும்ப நிறையும். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் கடைசியில் கூடுதலாக ஓர் எழுத்து உண்டு, அதை விட்டால் பலிக்காது. ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா, விவேக் நகர் பையன்கள் ஒரு தலைமுறையே அந்த மாத்திரையின் ஸ்பெல்லிங்கைத் தப்பாகப் படித்தது அந்தக் கடையில்தான்.

அந்த விளையாட்டை யார் செய்தது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்டில் வாங்கிவந்த சிடியின் மேல் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும், அவ்வளவுதான். யாரோ வெள்ளைக்காரன் செய்திருப்பான். நாங்கள் உட்கார்ந்திருந்த அதே ஊரில், அப்போதே ஐந்தாறு வருடமாக ஒரு விளையாட்டுக் கம்பெனி நடந்துகொண்டிருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அதன் பெயர் துருவா இன்டராக்டிவ். ராஜேஷ் ராவ் 1997-ல் தொடங்கியது. இந்தியாவின் முதல் விளையாட்டு நிறுவனங்களைப் பற்றிப் பேசும் யாரும் இந்தப் பெயரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதே 1997-ல் பெங்களூரில் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தது; வீரர்கள் தங்குவதற்காகக் கட்டிய அடுக்குமாடிகள் ஈஜிபுராவை ஒட்டி இன்னும் நிற்கின்றன. ஆட்டோக்காரரிடம் 'கேம்ஸ் வில்லேஜ்' என்றால் நேரே அங்கே கொண்டுபோய் விடுவார். அந்த வருடத்தின் இரண்டு 'கேம்'களில் எங்கள் பேட்டைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அசையாத இடம் கேட்டவன்

துருவன் கதை பாட்டி மடியில் கேட்டதுதான். தகப்பன் மடியில் உட்காரப் போன குழந்தையைச் சிற்றன்னை இழுத்துத் தள்ளுகிறாள். யாரும் தள்ள முடியாத இடம் வேண்டும் என்று காட்டுக்குப் போய்த் தவம் இருந்து, வானத்தில் அசையாத நட்சத்திரமாகிறான். இரண்டு முறை கைமாறப்போகும் கம்பெனிக்கு இந்தப் பெயர் வாய்த்தது.

1997 எப்படிப்பட்ட காலம் என்று இன்றைய இருபது வயதுக்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்து இரண்டே வருடம். அதுவும் போன் லைனைப் பிடித்துக்கொண்டு கீச்சிடும் விஎஸ்என்எல் இணைப்பு. எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால்தான் சாதாரணக் குடும்பத்துக்குக் கம்ப்யூட்டர். ஊரில் இருந்த மென்பொருள் கம்பெனிகளுக்கெல்லாம் ஒரே ஜுரம்: 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியைக் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு ஆள் அனுப்பினால் டாலர் கொட்டியது. விளையாட்டு செய்யக் கற்றுத்தரும் கல்லூரி இல்லை. இன்று விளையாட்டைக் கட்ட உதவும் யூனிட்டி, அன்ரியல் போன்ற எஞ்சின்கள் இலவசமாகவே இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. அன்றைக்கு எஞ்சின் என்றால் நீங்களே எழுத வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பணம் கொடுத்து வாங்க வேண்டும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் கேம் செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடியிருப்பார்கள்.

துருவாவுக்கு ஆரம்ப ஆண்டுகளிலேயே ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. டாம் குரூஸ் படத்தை வைத்து 'மிஷன்: இம்பாஸிபிள்' விளையாட்டை வெளியிட்டுக்கொண்டிருந்த பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ், அதன் கம்ப்யூட்டர் பதிப்பைச் செய்யும் வேலையைப் பெங்களூருக்குக் கொடுத்தது. நின்டெண்டோவில் 1998-லும் பிளேஸ்டேஷனில் 1999-லும் அந்த விளையாட்டு வந்தது. கம்ப்யூட்டர் பதிப்பு வரவே இல்லை. பாதியில் கைவிட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் துருவாவின் மொத்தக் கதைக்கும் சாவி இதில் இருக்கிறது. ஒரு சின்ன ஸ்டூடியோ விளையாட்டு செய்வதற்கான காசை வெளியீட்டாளர், அதாவது பப்ளிஷர், தருகிறார். மொத்தமாகத் தரமாட்டார், வேலையை 'மைல்ஸ்டோன்'களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்து அவர் ஒப்புக்கொண்டால் அடுத்த தவணை. வீடு கட்டும்போது பேஸ்மென்ட்டுக்கு இவ்வளவு, ரூஃபுக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்குக் கொடுப்பதுபோல. பப்ளிஷரின் வீட்டில் ஏதாவது மாறினால் (இன்ஃபோகிராம்ஸ் அதே 1999-ல் அமெரிக்காவின் ஜிடி இன்டராக்டிவை வாங்கி விழுங்கியது) கட்டிக்கொண்டிருக்கும் வீடு அப்படியே நிற்கும். மேஸ்திரியின் வேலையில் குறை இருக்க வேண்டியதில்லை. மனை அவருடையது இல்லை, அவ்வளவுதான்.

குற்றவாளிக் கூண்டில் நாங்களும்

அப்படியானால் வெளிநாட்டு பப்ளிஷர் எதற்கு, நம் ஊரிலேயே செய்து நம் ஊரிலேயே விற்கலாமே என்று கேட்பீர்கள். பஜார் தெருக் கடைக்குத் திரும்பி வாருங்கள். அந்த நான்கு கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு ஒன்றுகூட இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் அட்டைப்பெட்டி விளையாட்டு நேஷனல் மார்க்கெட்டில் நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார், எங்களுக்கு இது. எங்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. பத்து ரூபாயையே வீட்டில் பால் வாங்கிய சில்லறையிலிருந்து தேற்றியவர்கள் நாங்கள். ஆனாலும் கணக்கு கணக்குதான். வாங்குகிறவன் இல்லாத சந்தையில் எந்தக் கடை நிற்கும்?

ஹைதராபாத்தில் எஃப்எக்ஸ்லேப்ஸ் என்ற நிறுவனம் தைரியமாக முயன்றது. 2008-ல் 'கஜினி' படத்தை விளையாட்டாகவே கொண்டுவந்தது. நம் சூர்யா இல்லை, அமீர் கான். அந்த நிறுவனமும் நிலைக்கவில்லை. மும்பையில் 1999-ல் தொடங்கிய இந்தியாகேம்ஸ் செல்போன் விளையாட்டுகளால் பெரிதாக வளர்ந்தது; யுடிவி வாங்கியது, யுடிவியை டிஸ்னி வாங்கியது, பிறகு அந்தப் பெயரும் கரைந்துபோனது.

துருவா பிழைக்க வேறு வழி தேடியது. செல்போன் விளையாட்டு செய்தது. சார்லி சாப்ளினின் உருவத்தைச் செல்போன் விளையாட்டில் பயன்படுத்தும் உரிமையை வாங்கியது. இது உலகத்துக்குத் தெரிந்தது தாமஸ் ஃப்ரீட்மன் வழியாக. அவருடைய 'உலகம் தட்டையானது' புத்தகம் 2005-ல் வந்து விற்றுத் தள்ளியபோது, பெங்களூரிலிருந்து உலகத்தோடு மோதும் சின்னக் கம்பெனிக்கு உதாரணமாக ராஜேஷ் ராவும் துருவாவும் அதில் இருந்தார்கள். புத்தகம் தொடங்குவதே தொம்லூர் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில்தான். நீலசந்திராவிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். உலகம் அங்கிருந்து பார்த்தால் தட்டையாகத்தான் தெரியும். எங்கள் பக்கம் மழை பெய்தால் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்தாலே மேடு பள்ளம் விளங்கிவிடும்.

சாப்ளினால் சோறு கிடைக்கவில்லை. சோறு போட்டது இன்னொரு வேலை: அடுத்தவர் விளையாட்டுக்குப் படம் செய்து கொடுப்பது.

ஒரு ஹெட்லைட்டுக்கு மூன்று நாள்

திருப்பூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பனியன் இங்கே தைக்கப்படுகிறது, லேபிள் வேறொருவருடையது. விளையாட்டுத் தொழிலில் இதற்கு 'ஆர்ட் அவுட்சோர்சிங்' என்று பெயர். ஒரு பெரிய விளையாட்டுக்கு ஆயிரக்கணக்கில் பொருள்கள் வேண்டும்: கார், துப்பாக்கி, நாற்காலி, தெருவிளக்கு, குப்பைத்தொட்டி. எல்லாவற்றையும் சியாட்டிலிலோ லண்டனிலோ உட்கார்ந்து செய்தால் கட்டுப்படியாகாது. பட்டியல் போட்டுப் பெங்களூருக்கு அனுப்புவார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இந்த வேலையில் இருக்கிறான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கார் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டபோது மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் விளக்கினான்.

முதலில் ரெஃபரன்ஸ் வரும். உண்மையான காரை உள்ளும் புறமுமாக எடுத்த நூற்றுக்கணக்கான புகைப்படங்கள். கொடுத்துவைத்திருந்தால் கார் கம்பெனியின் வரைபடமும் கிடைக்கும். அதைப் பார்த்துத் திரையில் காரைக் கட்ட வேண்டும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிற பானெட் உண்மையில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்கள். ஒரு புள்ளி மயிரிழை விலகினாலும், விளையாட்டில் அந்தக் கார் மரத்தடியில் போகும்போது மேலே விழும் வெளிச்சம் அந்த இடத்தில் நெளியும். சாதாரணமாகப் பார்ப்பவனுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் என்னவோ சரியில்லை என்று தெரிந்துவிடும். அடுத்து, தைத்த சட்டையின் தையலைப் பிரித்துத் துணியைத் தரையில் விரிக்கிற மாதிரி, அந்தக் காரின் தோலை உரித்துத் தட்டையாக விரித்து அதன்மேல் பெயின்ட், துரு, தூசி, சீட்டின் தையல்நூல் எல்லாம் வரைய வேண்டும். முடிந்ததா என்றால் இல்லை. அதே காரை மறுபடி நான்கைந்து தரத்தில் செய்ய வேண்டும். பக்கத்தில் வந்தால் காட்ட ஒன்று, தூரத்தில் போனால் காட்ட முக்கோணம் குறைந்த இன்னொன்று. கடைசித் தரத்தில் கார் என்பது சக்கரம் வைத்த சோப்புக் கட்டி.

"ஹெட்லைட்டுக்கே மூணு நாளாகும் அண்ணா. கண்ணாடி, அதுக்குள்ள இன்னொரு கண்ணாடி, அதுக்குள்ள பல்பு. எல்லாத்துலயும் வெளிச்சம் வேற வேற மாதிரி ஒடையணும்" என்றான். இவ்வளவையும் செய்து அனுப்பினால் அங்கிருந்து 'ஃபீட்பேக்' வரும், சிவப்பு வட்டம் போட்டு. விளையாட்டுக் கம்பெனி ஒப்புக்கொண்டாலும் கார் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கள் காரின் வளைவு அப்படி இல்லை என்று அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஒரு காருக்கு வாரக்கணக்கில் போகும்.

இந்த வேலையில் துருவா உலகத் தரத்துக்குப் போனது. மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா' கார் பந்தய விளையாட்டுகள், ஃபின்லாந்தின் ரெமெடி செய்த 'குவான்டம் பிரேக்', பிரிட்டனின் ரேர் செய்த 'ஸீ ஆஃப் தீவ்ஸ்', சோனிக்காகச் செய்யப்பட்ட 'டேஸ் கான்' என்று அதன் கை பட்ட பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். முந்நூறுக்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் இடமாக வளர்ந்தது. இந்தியாவில் விளையாட்டுத் தொழில் என்று ஒன்று இருப்பதாக அரசாங்கத்தையும் மென்பொருள் கம்பெனிகளின் சங்கமான நாஸ்காமையும் நம்பவைக்க அலைந்தவர்களில் ராவ் முக்கியமானவர். கர்நாடகம் 2012-ல் அனிமேஷனுக்கும் விளையாட்டுக்கும் என்று தனிக் கொள்கை அறிவித்தது. எந்த மாநிலமும் அதற்கு முன் செய்ததில்லை.

ஏற்றம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஏற்றத்தில் துருவா ஏறிய ஒவ்வொரு படியும் அடுத்தவர் வீட்டுப் படி. ஆயிரம் கார் செய்தாலும் ஒரு கார்கூடத் துருவாவுடையது இல்லை. அந்த விளையாட்டு கோடிக்கணக்கில் விற்றாலும் ஒரு பைசா கூடுதலாக வராது. தைத்ததற்குக் கூலி, அதோடு கணக்கு முடிந்தது.

வல்ஹாலாவின் விலை

2016 டிசம்பரில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் துருவாவின் 90.5 சதவீதத்தை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 58 கோடி ரூபாய். ஸ்டார்பிரீஸுக்கு 'பேடே 2' என்ற வங்கிக் கொள்ளை விளையாட்டு காசு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காசில் கண்ணில் மாட்டும் விஆர் கருவி, அடுத்தவர் விளையாட்டுகளை வெளியிடுவது, புது ஸ்டூடியோக்கள் என்று கை நீண்ட இடத்திலெல்லாம் செலவு செய்தார்கள்.

அந்தச் செலவுகளில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துவைக்க விரும்புகிறேன். 2015-ல் அவர்கள் 'வல்ஹாலா' என்ற விளையாட்டு எஞ்சினை வாங்கினார்கள். விலை சுமார் 86 லட்சம் டாலர். அடுத்து வரவிருந்த பெரிய விளையாட்டை அதில்தான் கட்டப்போவதாகத் திட்டம். எஞ்சின் உருப்படியாக வேலை செய்யவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு அன்ரியலுக்கு மாறினார்கள். குப்பைக்குப் போன அந்த எஞ்சினின் விலையும், பத்தொன்பது வருட உழைப்பும் முந்நூறு பேரின் கைத்திறனும் சேர்ந்த ஒரு பெங்களூர் ஸ்டூடியோவின் விலையும் கிட்டத்தட்ட ஒன்று. சொல்லப்போனால் எஞ்சினுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

'ஓவர்கில்ஸ் தி வாக்கிங் டெட்' என்ற அந்தப் பெரிய விளையாட்டு 2018 நவம்பர் 6-ல் வெளிவந்து தோற்றது. மோசமான தோல்வி. ஒரே மாதத்தில், டிசம்பர் தொடக்கத்தில், ஸ்டார்பிரீஸ் கடன்காரர்களிடமிருந்து காத்துக்கொள்ள நீதிமன்றத்திடம் போனது. தலைமை நிர்வாகி மாறினார். 'வாக்கிங் டெட்' கதையின் உரிமையை வைத்திருந்த ஸ்கைபவுண்ட் 2019 பிப்ரவரியில் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. குடும்பம் நொடித்துப்போனால் முதலில் என்ன செய்வோம்? விற்கக்கூடியது எது என்று பீரோவைத் திறப்போம். ஸ்டாக்ஹோமில் திறந்த பீரோவில் துருவா இருந்தது.

2019 மே மாதம் துருவா மறுபடி விலைபோனது. 79 லட்சம் டாலர், 91.82 சதவீதப் பங்கு. வாங்கியது ராக்ஸ்டார் கேம்ஸ். ஆமாம், அந்த 'வைஸ் சிட்டி'யைச் செய்த ராக்ஸ்டார்தான். துருவா முதல்முறை விலைபோவதற்கு நான்கு மாதம் முன்பு, 2016 ஆகஸ்டிலேயே, பெங்களூரில் அது தன் கடையைத் திறந்திருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 79 லட்சம் டாலர் அன்று சுமார் 55 கோடி ரூபாய். துருவாவில் அப்போது இருந்த சுமார் 320 பேரால் வகுத்தால் தலைக்கு 17 லட்சம் சொச்சம். எங்கள் பக்கம் இரண்டு பெட்ரூம் வீட்டை லீஸுக்குக் கேட்டால் சொல்லும் தொகை ஏறக்குறைய இதுதான். வேறு பக்கத்திலிருந்தும் கணக்குப் போடலாம். ராக்ஸ்டாரின் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வெளிவந்த முதல் மூன்று நாளில் விற்றது 72 கோடியே 50 லட்சம் டாலருக்கு. துருவாவின் விலை அதில் நூற்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

இன்னொரு பெங்களூர்க் கணக்கும் உண்டு. 2013-ல் இங்கே தொடங்கிய மூன்ஃப்ராக் லேப்ஸ், 'தீன் பத்தி கோல்டு' என்ற சீட்டாட்டச் செயலியை வைத்து வளர்ந்தது. நிஜப் பணம் வைத்து ஆடுவதல்ல, திரையில் பொய்க் காசு. 2021-ல் அதை ஸ்டில்ஃப்ரன்ட் வாங்கியது. அதுவும் ஸ்வீடன் நிறுவனம்தான். விலை சுமார் 9 கோடி டாலர். துருவாவைவிடப் பத்து மடங்கு. மூன்ஃப்ராக் ஆட்கள் துருவா ஆட்களைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்களிடம் சொந்தமாக ஒரு சீட்டுக்கட்டு இருந்தது.

இது வீழ்ச்சியா?

இந்த இடத்தில் ஒரு நேர்மையான எதிர்வாதத்தைக் கேட்டுவிட வேண்டும். துருவாவின் ஆட்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. ராக்ஸ்டார் இந்தியாவோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். நேற்றுவரை கூலிக்குக் கார் செய்தவர்கள், இன்று உலகத்தின் மிகப்பெரிய விளையாட்டுகளைச் செய்யும் நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள். 'ஜிடிஏ 5' இருபது கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு. அதன் அடுத்த பாகத்தில் வேலை என்பது எந்தப் பையனுக்கும் கனவுதான். இதைப் போய் வீழ்ச்சி என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பதுதான் என் கட்சி. ஆட்கள் விழவில்லை, நிறுவனம் விழுந்தது. ஒரு ஸ்டூடியோ என்பது அங்கே வேலை செய்கிறவர்களின் கூட்டுத்தொகை மட்டும் இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் ஒரு மேஜையும்தான். அந்த மேஜை இப்போது பெங்களூரில் இல்லை. இங்கே 2010-ல் ஸிங்கா என்ற விளையாட்டு நிறுவனமும் ஒரு ஸ்டூடியோ திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஸ்டூடியோ. ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ 2022-ல் ஸிங்காவையும் வாங்கிக்கொண்டது. ஆக, இந்த ஊரின் இரண்டு பெரிய கதவுகளில் எதைத் தட்டினாலும் திறப்பவர் ஒருவரே, அவர் இருப்பது நியூயார்க்கில்.

சொந்தமாகச் செய்துதான் பார்க்க வேண்டும் என்று கிளம்பியவர்களும் சுகப்படவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் பாரபட்சமாகிவிடும். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 'ராஜி' என்ற விளையாட்டுக்கு 2017-ல் பொதுமக்களிடம் நிதி கேட்டது. கேட்ட தொகை சேரவில்லை. நிறுவனர்களின் வீட்டை விற்கும் அளவுக்குப் போய், 2020-ல் எப்படியோ வெளியிட்டார்கள். கடைசியில் அட்டையில் அவர்கள் பெயர் இருந்தது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 2023 ஜூலையில் டொராண்டோவின் விசை கேம்ஸ் 'வெண்பா'வை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் நோட்டில் கறை பட்டு அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். டேங்க் கிடையாது, ஆஸ்பிரின் கிடையாது. அடுத்த ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், முதல் படைப்புக்கான பிரிட்டிஷ் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. முந்நூறு பேர் தேவைப்படவில்லை, ஒரு சின்னக் குழு போதுமாக இருந்தது. ஆனால் அது டொராண்டோவில் நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். சின்ன ஸ்டூடியோவுக்குப் பொதுப்பணத்திலிருந்து நிதி தரும் அமைப்புகள் கனடாவில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. நம் ஊர்க் கொள்கை அறிவிப்புகளில் கட்டடமும் பயிற்சி மையமும் முதலில் வருகின்றன. விளையாட்டு செய்கிறவனுக்கு வேண்டியதோ இரண்டு வருடத்துக்கு வாடகையும் சாப்பாடும்.

மொட்டை மாடியில் பேச்சு முடிந்து எழும்போது, நீ செய்த கார் ஒன்றைக் காட்டு என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "காட்டக் கூடாது அண்ணா, என்டிஏ" என்றான். ரகசிய ஒப்பந்தம், ஆறு வருடமாக என்ன செய்தான் என்று அம்மாவுக்குக்கூடக் காட்ட முடியாது. வேறு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாலும் அதே நிலை. அதற்காகவே ராத்திரியில் உட்கார்ந்து தனக்கென்று ஒன்று செய்துவைத்திருக்கிறான். மடிக்கணினியைத் திறந்து காட்டினான்.

ஓர் ஆட்டோ. பெங்களூரின் பச்சையும் மஞ்சளும். கிழிந்து தைத்த ரெக்ஸின் சீட், கைப்பிடியில் சுற்றிய சிவப்பு மஞ்சள் ரிப்பன், கம்பியில் மாட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும். விரலால் சுழற்றினான், முன் கண்ணாடியில் வெளிச்சம் நெளியாமல் ஓடியது. மீட்டரில் முப்பது ரூபாய் என்று நிற்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் அதற்குள் 36 ஆகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றான்.

'ஜிடிஏ 6' 2026 நவம்பர் 19 அன்று வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். கதை நடக்கும் ஊர் மறுபடியும் அதே வைஸ் சிட்டி. ஆடுகிறவர்கள் ஆடுங்கள். முடிந்ததும் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கும். வழக்கமாக அங்கே ஒரு பட்டனை அமுக்கித் தாண்டிவிடுவோம். இந்த ஒருமுறை தாண்டாதீர்கள். அந்த நீண்ட பட்டியலில் நம் ஊர்ப் பெயர்கள் நிறைய வரும். துருவா என்ற பெயர் வராது.